அம்மாவின் நிறத்தை மாற்ற வேண்டாம்



சில மாதங்களாக நம் இதழுக்கு நீங்கள் அனுப்பும் படங்களின் போக்கே மாறியிருக்கிறது. முன்பு வேலூர்க் கோட்டை அகழி, ஏலகிரி மலைப்பாதை, பாலாற்றில் எப்போதாவது வரும் வெள்ளம் என்று புகைப்படங்களாக வரும். இப்போது அவையே எண்ணெய் ஓவியமாகவும் நீர்வண்ண ஓவியமாகவும் உருமாறி வருகின்றன. இன்னும் அதிகமாக வருபவை வீட்டுப் பெரியவர்களின் முகங்கள். ஆம்பூரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் மேல்விஷாரத்திலிருந்தும் வருகிற அந்த முகங்களில் சிலவற்றை மேசையில் வைத்துக்கொண்டு நாங்கள் நெடுநேரம் பார்த்திருக்கிறோம். சில படங்கள் மனத்தை உறுத்தவும் செய்தன. அதனால் புகைப்படத்தை ஓவியமாக்கும் இந்த வேலையைப் பற்றி இந்த மாதம் உங்களோடு விரிவாகப் பேசிவிடலாம் என்று தோன்றியது.

நம் தோல் தொழில் பகுதியில் இது பொழுதுபோக்காக மட்டும் நடப்பதில்லை. ஷூ கம்பெனியில் பல வருடம் மேல்தோல் தைத்த ஓர் அம்மாவுக்குத் தனியாக எடுத்த நல்ல படம் ஒன்று வீட்டில் இருப்பது அபூர்வம். யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பத்தில் இரண்டாம் வரிசையில் பாதி முகம் தெரியும். கம்பெனி அடையாள அட்டையில் ஒன்று இருக்கும். ரேஷன் கார்டில் மங்கலாக ஒன்று, ஈ.எஸ்.ஐ. காப்பீட்டுக்காகக் குடும்பத்தோடு நின்று எடுத்தது ஒன்று. அவர் போன பிறகு சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டுமென்றால், பிள்ளைகள் அந்த அடையாள அட்டையைத்தான் ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போகிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். அட்டையில் இருக்கும் பாஸ்போர்ட் அளவுப் படம் 35 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் உயரம். அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 827-க்கு 1063 பிக்சல் கிடைக்கும். சுவரில் மாட்ட 12-க்கு 16 அங்குலத்தில் பிரிண்ட் போட, அங்குலத்துக்கு 300 புள்ளி என்றாலும் 3600-க்கு 4800 பிக்சல் வேண்டும். நாலு மடங்குக்கு மேல் இழுக்க வேண்டும். அப்படி இழுத்தால் முகம் உடைந்துவிடும். கண்ணிமை கட்டம் கட்டமாகத் தெரியும். அட்டையில் குத்திய ஊதா முத்திரை பாதிக் கன்னத்தை மூடிக்கொண்டு நிற்கும். இங்கேதான் ஓவியம் கைகொடுக்கிறது. இல்லாத நுணுக்கத்தைப் புகைப்படமாகவே உண்டாக்கினால் போலி என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. அதையே தூரிகைத் தீற்றலாக வைத்தால் கண் ஏற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்று ஓவியத்திடம் யாரும் கேட்பதில்லை.

நம் ஊர் ஸ்டுடியோக்களில் இதை ஸ்மட்ஜ் பெயின்டிங் என்கிறார்கள். போட்டோஷாப்பில் விரல் படம் போட்ட கருவி ஒன்று உண்டு. ஓரிடத்து நிறத்தைத் தொட்டுப் பக்கத்து இடத்துக்கு இழுத்துக் கலக்கும். வேலையில் பெரும்பகுதி அந்த ஒரு கருவியில்தான் நடக்கிறது. வேலூரில் ஒரு ஸ்டுடியோவில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டிசைனர் தம்பி அடையாள அட்டைப் படத்தை ஸ்கேன் செய்து திறந்ததும், முதலில் லேயரை நகல் எடுத்துக்கொண்டார். மூலம் அடியில் அப்படியே இருந்தது. முத்திரைக் கறையை எடுத்தார். பிறகு ஸ்மட்ஜின் வலுவை 15 சதவீதத்துக்குக் குறைத்துவைத்து நெற்றியில் தொடங்கினார். நெற்றியில் குறுக்காக, மூக்கில் நீளவாக்கில், கன்னத்தில் எலும்பிலிருந்து தாடை நோக்கி வளைவாக. முகத்தின் சதை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் தூரிகையும் போக வேண்டும் என்றார். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் கோட்டை அவர் ஒரு முறைகூடக் குறுக்கே இழுக்கவில்லை. அந்தக் கோடு கலங்கினால் முகம் வீங்கியதுபோல் ஆகிவிடுமாம். தலைமுடிக்கு வந்ததும் வலுவை 90-க்கு ஏற்றி, ஒரு பிக்சல், இரண்டு பிக்சல் தூரிகையில் இழை இழையாக இழுத்தார். கண்களைக் கடைசிவரை தொடவில்லை. இரண்டு விழிகளிலும் ஒளிப்புள்ளி ஒரே பக்கம் இருக்கிறதா என்று பார்த்து வைத்துவிட்டு, மேல் லேயரை அணைப்பதும் போடுவதுமாக மூலத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

படத்தில் இருந்த அம்மாவின் மகள் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இடது நாசிக்குக் கீழே இருந்த மச்சம், கன்னத்தைச் சமன்செய்யும்போது கரைந்துபோயிருந்தது. "அந்த மச்சம் இல்லேன்னா அது எங்கம்மாவே இல்லண்ணா" என்றார். டிசைனர் தம்பி ஒன்றும் சொல்லாமல் மச்சத்தைத் திரும்ப வைத்தார். நான் உங்களிடம் சொல்ல வந்ததில் பெரும்பகுதி அந்தப் பெண் சொன்னதற்குள் அடங்கிவிடுகிறது.

புகைப்படத்தின்மேல் கைவைப்பது கம்ப்யூட்டரோடு வந்த பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கேப்டன் லின்னேயஸ் டிரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1857, 1858-ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றிக் கோயில்களைப் படமெடுத்தார். அந்தக் காலத்து ரசாயனம் நீல ஒளியை மட்டும் அதிகமாக உறிஞ்சியதால் வானம் வெறும் வெள்ளைத்தாளாக விழும். மரங்கள் கரும்பொட்டலமாக நிற்கும். டிரைப் தம் காகித நெகட்டிவில் வண்ணம் தடவி மேகம் வரைந்தார். இலைகளுக்கு வெளிச்சம் கொடுத்தார். தமிழ்நாட்டுப் புகைப்படத்தின் தொடக்கத்திலேயே தூரிகை இருந்திருக்கிறது.

அதற்குப் பின் வந்த நம் ஊர் ஸ்டுடியோக்களில் டச்சிங் தனி வேலையாகவே இருந்தது. சாய்ந்த மேசை, அடியிலிருந்து வெளிச்சம் வரும் தேய்த்த கண்ணாடி, அதன்மேல் நெகட்டிவ். கூராகச் சீவிய பென்சிலால் கண்ணுக்குக் கீழுள்ள குழியையும் அம்மைத் தழும்பையும் புள்ளி புள்ளியாக நிரப்புவார்கள். கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் கலர் ஏற்றுபவர் வேறொருவர். குச்சியில் பஞ்சு சுற்றிக் கன்னத்துக்கு மெல்லிய சிவப்பு, புடவைக்குப் பச்சை, நகைக்குப் பொன் மஞ்சள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, ஏறத்தாழ 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி எடுத்து எண்மமாக்கிப் பாதுகாத்திருக்கிறது. அந்த நூற்றாண்டின் ஸ்டுடியோப் படங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள், பலவற்றில் வரைந்த பின்திரையோ திருத்திய முகமோ ஏற்றிய வண்ணமோ இருக்கும். உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் படங்களும் அதே வகைதான். தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கம்ப்யூட்டருக்கு வருவோம். ஒரு பொத்தானை அழுத்தினால் புகைப்படம் எண்ணெய் ஓவியமாகிவிடுகிறதே, உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். இதற்குப் பின்னால் வேலூர்க்காரர்களுக்குப் பிடித்துப்போகும் ஒரு கதை இருக்கிறது. ஓவியத்தன்மை தரும் ஃபில்டர்களில் புகழ்பெற்ற ஒன்று ஜப்பானியரான குவஹாராவின் பெயரால் வழங்குகிறது. 1976-ல் அவர் அதை உருவாக்கியபோது ஓவியம் அவர் நினைப்பிலேயே இல்லை. கதிரியக்கப் பொருளை ரத்தத்தில் செலுத்தி எடுத்த இதயப் படங்கள் புள்ளி புள்ளியாக இரைச்சலோடு இருந்தன. இதயச் சுவரின் விளிம்பு கலங்காமல் அந்த இரைச்சலை மட்டும் நீக்க வேண்டியிருந்தது. நாட்டின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவைச் சிகிச்சை நடந்த சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது எனக்கு மனம் நிறைந்தது.

அவர் செய்த வழி எளிமையானது. படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி நான்கு சிறு சதுரங்களை ஃபில்டர் எடுத்துக்கொள்கிறது. எந்தச் சதுரத்துக்குள் நிறம் அதிகம் மாறாமல் ஒரே சீராக இருக்கிறதோ, அதன் சராசரி நிறத்தை அந்தப் புள்ளிக்குக் கொடுத்துவிடுகிறது. விளிம்பின் இந்தப் பக்கத்துப் புள்ளி இந்தப் பக்கத்து நிறத்தையே எடுக்கும். அந்தப் பக்கத்துப் புள்ளி அந்தப் பக்கத்து நிறத்தை. ஆகவே விளிம்பு கூர்மையாக நிற்க, உள்ளே இருப்பது தட்டையான வண்ணத் திட்டுகளாகிறது. இதயச் சுவருக்காகச் செய்த ஏற்பாடு, முகத்தில் போட்டால் தூரிகைத் தீற்றல் மாதிரி தெரிகிறது. காசில்லாமல் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் உள்ள எண்ணெய் ஓவிய ஃபில்டர் இன்னும் நேரடியானது. சுற்றுவட்டாரத்தில் எந்த நிறம் அதிகமாக இருக்கிறதோ அதையே அந்தப் புள்ளிக்கும் பூசிவிடும்.

போட்டோஷாப் விற்பனைக்கு வந்தது 1990-ல். அதே ஆண்டில் பால் ஹேபர்லி என்பவர், புகைப்படத்தின்மேல் மவுஸை நகர்த்தினால் அடியில் உள்ள நிறத்தைத் தொட்டுத் தீற்றல் தீற்றலாக விழும் முறையைக் காட்டினார். 1998-ல் ஏரன் ஹெர்ட்ஸ்மன் அதற்கு ஓர் ஒழுங்கு கொடுத்தார். முதலில் பெரிய தூரிகை. பிறகு, மூலத்திலிருந்து எங்கே அதிகம் விலகியிருக்கிறதோ அங்கே மட்டும் சிறிய தூரிகை. கித்தானில் வரைகிற யாரும் காலங்காலமாகச் செய்வது இதுதான். நீங்கள் எந்த மென்பொருளில் வேலை செய்தாலும் இந்த வரிசையைக் கடைப்பிடியுங்கள். பெரியதிலிருந்து சிறியதற்கு. பின்னணி, உடை, கழுத்து, முகம், கடைசியில் கண்.

ஃபில்டருக்கு எது முக்கியம் என்று தெரியாது. கோட்டை அகழியின் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், அழகாக வரும். மதில் கல்லில் சுமாராக வரும். அதே அளவை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூணில் போட்டால் யாளியின் பல்லும் குதிரைவீரனின் கடிவாளமும் ஒன்றோடொன்று குழைந்து கல் குழம்பாகிவிடும். அந்த இடத்தை மாஸ்க் போட்டு மறைத்து, தூரிகை அளவைக் குறைத்துத் தனியாகச் செய்ய வேண்டும்.

தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை. செலக்‌ஷன் மேசையில் தோலை விரித்துக் கையால் தடவிப் பார்க்கிறார்கள். உண்ணி கடித்த துளை, முள்வேலி கீறிய கோடு, சூடு போட்ட தழும்பு, கழுத்து மடிப்பு எல்லாம் தெரியும். குறை அதிகமுள்ள தோலைப் பஃபிங் செய்து மேற்பரப்பைத் தேய்த்து, கெட்டியாகப் பிக்மென்ட் அடித்து, சூடான எம்பாஸ் பிளேட்டால் அழுத்தினால் எல்லாத் தோலும் ஒரே முகமாகிவிடும். முதலைத் தோல் வரிகூட மாட்டுத்தோலில் விழும். நல்ல தோலுக்கு அப்படிச் செய்யமாட்டார்கள். மயிர்த்துளை தெரியும்படி மெல்லிய பூச்சோடு விட்டுவிடுவார்கள். விலை அதற்குத்தான் அதிகம். எந்தத் தோலுக்கு எவ்வளவு பூச்சு என்று முடிவு செய்யத் தெரிந்தவர்தான் அங்கே கைதேர்ந்தவர். நம் வீட்டு முகங்களுக்கும் அந்தக் கையே வேண்டும்.

மனத்தை உறுத்தியது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். நமக்கு வரும் ஓவியங்களில் பலவற்றில் கறுத்த முகங்கள் வெளுத்திருக்கின்றன. மாநிறமும் இல்லை, இளஞ்சிவப்பு. மூக்கு கூர்ந்திருக்கிறது, உதடு சிறுத்திருக்கிறது. வெயிலில் தோல் உலர்த்திய தாத்தா, மார்பிள் சிலைபோல் வழுவழுப்பாகப் புன்னகைக்கிறார். செய்தவர்கள் அன்பினால்தான் செய்திருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நிறத்தை மாற்றும்போது, அவர் இருந்தபடி இருந்தது போதாது என்று நாம் அவருக்கே சொல்கிறோம். அவரால் இப்போது பதில் சொல்லவும் முடியாது. பென்சில் பிடித்த பழைய டச்சிங்காரர்களும் நிறத்தைக் கூட்டினார்கள் என்பது உண்மை. அவர்களிடமிருந்து கைத்திறனை எடுத்துக்கொள்வோம், அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவோம்.

கறுத்த தோலை வரைவது கடினம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். கறுப்போடு வெள்ளையைக் கலந்து வெளிச்சம் காட்டப் பார்த்தால் சாம்பல் பூத்தமாதிரி ஆகும். அதனால்தான் கடினமாகத் தெரிகிறது. மூலத்திலிருந்தே நிறத்தை எடுங்கள். நெற்றியில் விழும் வெளிச்சத்தில் வானத்து நீலம் கொஞ்சம் இருக்கும். தாடைக்கு அடியில் புடவையின் நிறம் எதிரொளிக்கும். நிழலில் செம்பழுப்பு இருக்கும். இவற்றை அந்தந்த இடத்திலேயே வைத்து, வெளிச்சப் புள்ளிகளைக் கூர்மையாக விட்டால் கறுத்த முகத்தைப் போல் ஒளிரும் முகம் வேறில்லை. கைகளையும் வெட்டிவிடாதீர்கள். பட்டறையிலும் தோல் பதனிடும் டிரம்மிலும் வேலை பார்த்தவர்களின் நகத்தில் ஏறிய நிறமும், தையல் மெஷினில் ஊசி பட்ட விரலும் படத்தில் இருந்தால் அவற்றுக்கு இன்னும் ஓர் அரைமணி நேரம் கொடுங்கள்.

ஓவியத்தன்மை மென்பொருளில் மட்டும் பிறப்பதில்லை என்பதற்கு 2020-ஆம் ஆண்டு காலண்டர் ஒன்று நல்ல சாட்சி. சுஹாசினி மணிரத்னத்தின் நாம் அறக்கட்டளைக்காகச் சென்னைப் புகைப்படக் கலைஞர் ஜி. வெங்கட்ராம், ரவிவர்மாவின் ஓவியங்களை நடிகைகளைக் கொண்டு புகைப்படங்களாக எடுத்தார். உடை, நகை, பின்திரை, நிற்கும் நிலை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பக்கவாட்டிலிருந்து மெதுவாக விழும் வெளிச்சம்: ஓவியத்துக்கு வேண்டியவை கேமரா முன்னாலேயே தயாராகியிருந்தன. உயிரோடு இருக்கும் உங்கள் பெற்றோரைப் படமெடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டு, காலை வெயில் வரும் ஜன்னலோரம் உட்கார வையுங்கள். பாதி ஓவியம் அங்கேயே முடிந்துவிடும்.

இப்போது படத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் நொடியில் ஓவியமாகத் தருகிறது. 2015-ல் ஜெர்மனியின் டூபிங்கன் நகர ஆய்வாளர்கள் ஓர் ஓவியரின் பாணியை வேறொரு படத்துக்கு மாற்றும் வழியைக் கண்டார்கள். 2016-ல் பிரிஸ்மா செயலி அதைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் ஊரெல்லாம் ஜிப்லி என்ற கார்ட்டூன் பாணிப் படங்களாக நிறைந்ததை நீங்களே பார்த்தீர்கள். பயன்படுத்துங்கள், நான் தடுக்கவில்லை. இரண்டை மட்டும் மனத்தில் வையுங்கள். அது கொடுக்கும் முகம் உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் வரும் இன்னொருவர் முகமாக இருக்கலாம். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஃபிரேம் போடாதீர்கள். அடுத்தது, சின்னப் பிள்ளைகளின் படத்தை யாருடைய சர்வரிலோ ஏற்றுவதற்கு முன் யோசியுங்கள்.

உரிமை பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். காசு கொடுத்து ஸ்டுடியோவில் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம். உங்கள் வீட்டுப் படத்தை நீங்கள் தாராளமாக ஓவியமாக்கலாம். இணையத்தில் கிடைத்த வேறொருவர் படத்தை எடுத்துச் செய்துவிட்டு உங்கள் படைப்பு என்று எங்களுக்கு அனுப்ப வேண்டாம்.

வரும் இதழ்களில் நம் பகுதித் தொழிலாளர்களின் முகங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்க முடிவு செய்திருக்கிறோம். டேனரி, ஷூ கம்பெனி, பீடி, பிரியாணிக்கடை, பேருந்து, ஆஸ்பத்திரி, எங்கே வேலை பார்த்தவராக இருந்தாலும் சரி. ஓவியத்தோடு மூலப் புகைப்படத்தின் ஸ்கேனையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அச்சிடப் போகிறோம். ஓவியத்தை 300 புள்ளியில், சுருக்காத கோப்பாகக் கொடுங்கள். கேன்வாஸ் சொரசொரப்பை மென்பொருளில் சேர்த்திருந்தால் அதை எடுத்துவிட்டு அனுப்புங்கள், அச்சில் அது அழுக்காக விழுகிறது. மவுஸில் செய்ததா, பேனாப் பலகையில் செய்ததா, கைப்பேசியில் விரலால் செய்ததா என்பது எங்களுக்கு ஒரு பொருட்டில்லை. படத்தில் இருப்பவரின் பெயர், ஊர், எந்தப் பிரிவில் எத்தனை வருடம் வேலை பார்த்தார், படம் எந்த ஸ்டுடியோவில் எடுத்தது என்பதை மட்டும் தெரிந்தவரை எழுதுங்கள். உயிரோடு இருப்பவரானால் அவரிடம் ஓவியத்தைக் காட்டி, சரியாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்